படத்தில் முளைத்த மீசை

ஆவாரங்குளத்தில் இறந்துபோன யாரும் அதுவரைக்கும் மீசை வளர்த்ததில்லை. ஹவில்தார் இன்னாசிமுத்துதான் முதல் ஆள். முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்த சொந்தமெல்லாம் சாப்பிட்டுக் கைகழுவி மாலை பஸ்ஸைப் பிடித்துப் போன மறுநாள் காலையில், நடுவீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தைத் துடைக்கப் போன அவர் மனைவி செபஸ்தியம்மாள், அவருடைய மேலுதட்டில் எறும்பு வரிசைபோல மெலிசாக ஒரு கறுப்பைப் பார்த்தாள். எறும்புதான் என்று ஊதினாள், போகவில்லை. முந்தானையால் துடைத்தாள், போகவில்லை. கண்ணாடியைக் கழற்றி விரலால் தொட்டாள், சொரசொரவென்று இருந்தது. "ஓகோ, அப்படியா சேதி" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போனாள்.

அந்தப் படம் பென்ஷன் புத்தகத்துக்காக எடுத்தது. தும்பைப்பூ மாதிரி வெளுத்த தலை, இஸ்திரி போட்ட சட்டை, சோப்புக்கட்டி போல வழவழவென்று மழித்த முகம். அதைப் பெரிசாக்கிக் கொடுத்தவர் கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தைனேஸ். ஒரு வாரத்தில் மீசை விரல்கடை அகலத்துக்கு வந்ததும், பக்கத்து வீட்டுக் காணிக்கைமேரி நேரே போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்ப்பா, நீ போட்டுக் குடுத்த படத்துல பூஞ்சை பிடிச்சிருச்சே, இதுதான் உன் லட்சணமா?" தைனேஸ் பஞ்சும் ஒரு குப்பித் தைலமுமாக வந்தார், பார்த்தார், லேசாக ஒரு முடியைப் பிடித்து இழுத்தார். படத்திலிருந்த முகம் சுளித்த மாதிரி இருந்தது. "இது பூஞ்சை இல்லக்கா, வேர் விட்டிருக்கு" என்று சொல்லி, செய்த வேலைக்குப் பழுதில்லை என்ற திருப்தியோடு ஒரு வாய்க் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

செபஸ்தியம்மாள் கழற்றி வைத்த கண்ணாடியை, அவர் சொன்னபடி திரும்ப மாட்டவே இல்லை. மீசைக்குக் காற்று வேண்டும் என்றார் தைனேஸ், தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரும் விட்டுவிட்டது.

ஊருக்கு ஆச்சரியம் மீசை முளைத்ததில் இல்லை, அது இன்னாசிமுத்துவுக்கு முளைத்ததில்தான். மூன்று தெருவும் ஒரு கோவிலுமான ஆவாரங்குளத்தில் வீட்டுக்கொரு ஆள் பட்டாளத்துக்குப் போனவன், போனவனெல்லாம் ஆளுக்கு முன்னால் மீசை வாசலில் வந்து நிற்கிற மாதிரிதான் லீவில் வருவான். இன்னாசிமுத்து ஒருத்தர்தான் மழுமழுவென்று வந்து இறங்குவார், மழுமழுவென்றே ஏறிப் போவார். அவருக்கு 'மழுமழு மிலிட்டரி' என்று பேர் விழுந்து முப்பத்தைந்து வருசம் ஆகியிருந்தது. பனிமலையில் எதிராளி பிடித்து வைத்து மழித்து அனுப்பிவிட்டான் என்று ஒரு கட்சி. சீட்டாட்டத்தில் மீசையைத் தோற்றுவிட்டார் என்று ஒரு கட்சி. செபஸ்தியம்மாளுக்குக் கூச்சம், அதனால் எடுக்கச் சொல்லிவிட்டாள் என்று கண்ணடித்துச் சொன்னவர்கள் ஒரு கட்சி. டீக்கடை பெஞ்சில் யாராவது, "அண்ணே, அந்த மீசை இப்ப எந்த பார்டர்ல காவல் காக்குது?" என்று கேட்டால், "லீவு கிடைக்கலைடா அதுக்கு, அடுத்த தடவை கூட்டிட்டு வர்றேன்" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். எந்தக் கட்சிக்காரன் வந்து கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்.

உள்ளது செபஸ்தியம்மாளுக்கு மட்டும் தெரியும். கல்யாணத்துக்கு வந்தபோது அவருக்கு இருந்த மீசை லேசுப்பட்டது இல்லை. இரண்டு பக்கமும் ஏறிப் பிறை மாதிரி வளைந்து, நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தை நிறுத்தலாம். கோவிலில் மோதிரம் மாற்றும்போது அவள் அந்த மீசையைத்தான் பார்த்தாள், அதற்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது மறுநாள்தான் தெரிந்தது. நாற்பது நாள் லீவு. நாற்பது நாளும் காலையில் எண்ணெய் தொட்டு முறுக்கிவிடுவது அவள் வேலையாக இருந்தது. பிறகு போனவர், மகள் அமலா பிறந்து பதினோரு மாசம் கழித்துத்தான் வந்தார். பெட்டியை வாசலில் போட்டுவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், "என் ராசாத்தி" என்று கையை நீட்டினார். பிள்ளை அவரை ஏறிட்டுப் பார்த்தது, உதடு பிதுங்கியது, பிறகு வீரிட்டு அழுத அழுகையில் மூச்சு நின்று நீலம் பாரித்துவிட்டது. முகத்தில் தண்ணீர் தெளித்து மூச்சு திரும்பி அம்மா தோளில் அது விக்கிக்கொண்டு கிடந்தபோது, கொல்லைப்பக்கம் முருங்கை மரத்தில் ரசம்போன கண்ணாடியை மாட்டி, இன்னாசிமுத்து ஒரே மூச்சில் மீசையை வழித்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியதில் நாடியில் வெட்டு. செய்தித்தாளில் துளி கிழித்து ரத்தத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, வழித்த மீசையை அதே தாளில் நாலாக மடித்துப் பொட்டலம் கட்டி, சிரித்துக்கொண்டே வந்து நின்றார். பிள்ளை அந்தத் தாள் துணுக்கைப் பிய்த்து எடுத்துவிட்டு அவர் சட்டைப் பித்தானைச் சப்ப ஆரம்பித்தது.

"மகளுக்கு இது தெரியக்கூடாது, என்ன?" என்று அன்றைக்கு வாக்கு வாங்கிக்கொண்டார். "தன்னாலதான் அப்பனை ஊரு கேலி பேசுதுன்னு நெனச்சா அவ மனசு தாங்காது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் ரயிலிலேயே மழித்துக்கொண்டு வருவார். லீவு முடிந்து ஏறினால், "விழுப்புரம் தாண்டுனதும் அது தன்னால முளைக்க ஆரம்பிச்சிரும் செபஸ்தி, நீ கவலைப்படாத" என்பார். அவள் பார்க்காத ஊர்களில் அது வளர்ந்தது, அவளிடம் வரும்போதெல்லாம் இல்லாமல் போனது. பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் மகள் அந்த முகத்துக்கே பழகிவிட்டாள் என்று வைக்கவே இல்லை. ஆக, மீசைக்காரனைக் கட்டிக்கொண்ட செபஸ்தியம்மாளுக்கு வாழ்க்கையில் கிடைத்த மீசை மொத்தம் நாற்பது நாள். அதை யாரிடம் சொல்லி வருத்தப்படுவது? மாதாவிடம் சொன்னால் மாதாவே சிரித்துவிடுவாள்.

மீசைதான் இல்லையே ஒழிய மற்றபடி பட்டாளம் அவரைவிட்டு இறங்கவில்லை. மகளுக்கு அவர்தான் சடை பின்னுவார். கூடாரக் கயிறு கட்டுகிற இறுக்கத்தில் பின்னுவதால் பிள்ளை பள்ளிக்கூடம் விடுகிறவரை புருவத்தை இறக்க முடியாமல் ஆச்சரியப்பட்ட முகத்தோடே இருக்கும். காய்ச்சல் என்றால் டீச்சருக்கு, 'மேற்படி நபர் காய்ச்சல் காரணமாக இன்று கடமைக்கு ஆஜராக இயலாது' என்று எழுதி அனுப்புவார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அவள் உள்ளே எழுத, இவர் வெளிவாசலில் மூன்று மணி நேரமும் விறைத்து நின்றார். காவலுக்கு வந்த போலீஸ்காரர் இவரைப் பார்த்துத் தானும் விறைத்து நின்றாராம்.

அப்பேர்ப்பட்டவர் கறுகறுவென்று மீசை விட்டதும் ஊர் அதைத் தன் வேலைகளோடு சேர்த்துக்கொண்டது. தலை வெள்ளை, மீசை கறுப்பு என்பதால், "அங்க போயும் மனுசன் டை அடிக்கிறாரு பாரு" என்றார்கள். சலூன் வைத்திருக்கும் சிலுவை தானாகவே ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கத்தரியோடு வந்துவிடுவார். படத்தின் கழுத்தில் ஒரு துண்டைக் குத்திவிட்டு, "எப்படி வைக்கட்டும்ண்ணே, பக்கத்துல கொஞ்சம் தட்டிவிடவா?" என்று கேட்டு, பதில் வந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டு வெட்டுவார். பங்குச்சாமி செபமாலையோடு வந்து வெகுநேரம் பார்த்தார். "இதனால யாருக்காச்சும் நோய் தீர்ந்துச்சாம்மா?" என்றார். "இல்ல சாமி, சிலுவைக்குத்தான் ஒரு வேலை கூடியிருக்கு." "அப்ப அற்புதம், புதுமைன்னு சொல்ல முடியாது. வெறும் மீசைதான். வளரட்டும். மாதா சுரூபத்துக்குக் கீழ இருக்கிற மாதிரி மட்டும் பாத்துக்குங்க." ஆணியை ஒரு சாண் இறக்கி அடித்தார்கள்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து நாலு கிழவர்கள் பஸ் ஏறி வந்தார்கள். ஒருத்தர் இஞ்ச் டேப்பால் இடதும் வலதும் அளந்து, அரைக்கால் அங்குலம் வித்தியாசம் என்று குற்றம் சொன்னார். சுபேதார் பெரியநாயகம் மட்டும் டேப்பைத் தட்டிவிட்டார். "யூனிட்ல இதுக்கு எப்படி மரியாதை தெரியுமா? கர்னலே நின்னு பாத்துட்டுப் போவாரு. லீவு முடிஞ்சு திரும்பறப்ப மட்டும் உரிச்ச கோழி மாதிரி வருவான். ஏன்டான்னா சிரிப்பான். அங்கயும் கேலி, இங்கயும் கேலி. என்னத்துக்குடா அப்படிப் பண்ணுனே?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார். செபஸ்தியம்மாள் டீ போட உள்ளே போய்விட்டாள். நாலு பேரும் சல்யூட் அடித்து, டீ குடித்து, நாலரை பஸ்ஸில் போனார்கள்.

சல்யூட்டும் அளவும் அவர்களோடு இருக்கட்டும். காலையில் கோவில் மணி அடித்ததும் எழுந்து, செபம் சொல்லி, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விரலில் தொட்டு, இடது பக்கம் ஒரு முறுக்கு, வலது பக்கம் ஒரு முறுக்கு விட்டால்தான் செபஸ்தியம்மாளுக்குப் பொழுது விடியும். நாற்பது நாள் கணக்கு தாண்டி, நூறு தாண்டி, இருநூறும் தாண்டிவிட்டது. "இப்பத்தான உங்களுக்கு எம் பக்கம் போஸ்டிங் கிடைச்சிருக்கு" என்பாள். முறுக்கும்போது அவள் முகத்தில் இருபது வயசுக்காரியின் சிரிப்பு வந்து போவதைக் காணிக்கைமேரி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மதினி, பொழுது விடிஞ்சதும் கொஞ்சலா?" என்பாள். "உனக்கென்னடி, உம் புருசன் மீசையை நீ முறுக்கு" என்பாள் இவள்.

அப்படியிருக்கும்போதுதான் அமலா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று சேதி வந்தது.

அமலா புனேயில் இருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழித்து உண்டான பிள்ளை. அப்பா இறந்தபோது அவளுக்கு ஏழாம் மாசம், கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடக்கத்தை அவள் ஃபோனில்தான் பார்த்தாள், அதுவும் பாதியில் சிக்னல் போய்விட்டது. இப்போது பிள்ளை ஜோவிதாவுக்கு ஏழு மாசம் ஆயிருந்தது. "அம்மா, தாத்தாவுக்கு இவளைக் காட்டணும். வேற எதுக்கும் இல்ல, அதுக்குத்தான் வர்றேன்" என்றாள்.

செபஸ்தியம்மாள் ஃபோனை வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். மீசை கல்யாணத்தன்று இருந்த அளவுக்கே இருந்தது. ஏழு மாசப் பிள்ளை. பார்க்கும், உதடு பிதுங்கும், அழும். அழுதால் இந்த மனுசன் என்ன செய்வார் என்பது உலகத்திலேயே அவளுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு மாலைச் செபத்தில், செபமாலை கையில் இருக்க, "தாயே, பிள்ளை சுகமா வரட்டும். வந்து... அழாம இருக்கணும்" என்று கேட்டாள். கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் எத்தனை பேர் கடனும் நோயுமாக மாதாவிடம் வந்து நிற்கிறார்கள், இவள் ஒரு மீசைக்காகக் கெஞ்சுகிறாள். "கேட்டது தப்புன்னா விட்ரும்மா" என்றாள். கொஞ்சம் கழித்து, "தப்பில்லைன்னா பாத்துக்க" என்றும் சொல்லி வைத்தாள்.

"எதுக்கு மதினி வம்பு? பிள்ளை இருக்கிறவரைக்கும் மூடி வச்சிருங்க" என்றாள் காணிக்கைமேரி. அது நல்ல யோசனையாகப் பட்டது. பெட்டிக்குள் இருந்த புது வெள்ளைத் துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டாள். துண்டு மூக்குக்குக் கீழே புடைத்துக்கொண்டு நின்றது.

அமலா வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றியதும் கண் நேரே சுவருக்குத்தான் போனது.

"அப்பாவை எதுக்கும்மா மூடி வச்சிருக்க?"

"தூசி அடையுதுன்னு..."

"ஊரே வந்து பாக்குதாம், மேரி அத்தை ஃபோன்ல படம் எடுத்து எனக்கே அனுப்புச்சு. நான் வந்த அன்னைக்குத்தான் தூசி அடையுதாக்கும்?"

"குளிச்சிட்டு வா, சாப்பிடு. அப்புறம் பாக்கலாம்."

சாப்பிட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றாள் அம்மா. பிள்ளை தூங்கி எழுந்தது. சாயங்காலம் பார்க்கலாம் என்றாள். அதற்குள் வாசலில் தைனேஸ், சிலுவை, மேரி, தெருவில் பாதி என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. பேத்தியைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்களே தவிர எல்லாருடைய கண்ணும் துண்டு மேல்தான் இருந்தது.

அமலா சத்தம் போடவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, "அடக்கத்துக்கு வராதவளுக்கு முகம் காட்டக் கூடாதுன்னு நெனைக்கிறியாம்மா?" என்றாள். "அப்படின்னா சொல்லிரு. நான் கோபப்பட மாட்டேன். எனக்கே அப்படித்தான் தோணுது."

பரீட்சை நடக்கிற மூன்று மணி நேரமும் வெளியில் விறைத்து நின்ற மனுசனின் மகள், அவர் முகத்தைப் பார்க்க வழியில்லாமல் அவர் வீட்டிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். இதை அவர் பார்த்துக்கொண்டிருந்தால் துண்டுக்குள்ளேயே மூச்சுமுட்டியிருக்கும். செபஸ்தியம்மாள் எழுந்தாள். பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அடி போடி பைத்தியக்காரி, உன் மேல கோவப்பட அவுகளுக்குத் தெரிஞ்சிருந்தாத்தான" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் துண்டை இழுத்தாள். இழுப்பதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல், துண்டுக்கு மேலாகவே வலது நுனியை ஒரு தரம் முறுக்கிவிட்டுக்கொண்டாள்.

ஜோவிதா பார்த்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை மீசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நிதானமாகப் பார்த்தது. கீழுதடு மெல்லப் பிதுங்கியது. பிறகு வீரிட்டதே ஒரு அழுகை, முருங்கை மரத்துக் காகம் எழுந்து பறந்தது.

"அப்படியே அவ அம்மா குரல்" என்றார் சிலுவை.

அமலா அழுதுகொண்டே சிரித்தாள். "மீசையப் பாத்துப் பயந்துட்டா! அப்பா, இப்பப் போய் எதுக்குப்பா இதெல்லாம்?" என்று படத்தைக் கேட்டாள். படத்துக்குக் கிட்டே போய் நெற்றியை அதன் மேல் வைத்துக்கொண்டாள். செபஸ்தியம்மாள் விக்கிக்கொண்டிருந்த பேத்தியின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ரயிலடியில் நின்று பார்க்கிற மாதிரி.

மறுநாள் கோவில் மணிக்கு எழுந்து நடுவீட்டுக்கு வந்தபோது சோப்பு வாசம் அடித்தது. படத்தில் முகம் வழவழவென்று இருந்தது. நாடியில் ஒரு வெட்டு, அதன் மேல் துளி செய்தித்தாள். கீழே தரையில், நாலாக மடித்த பொட்டலம் ஒன்று மூலை பிசகாமல் இருந்தது. செபஸ்தியம்மாள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேங்காயெண்ணெய்க் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. "கை நடுங்குதுன்னு தெரியுதுல்ல, கொஞ்சம் நிதானமாத்தான் வழிச்சா என்ன?" என்றாள்.

அமலா பிள்ளையோடு எழுந்து வந்தாள். படத்தைப் பார்த்தாள், அம்மாவின் மடியைப் பார்த்தாள், தாள் துணுக்கைப் பார்த்தாள். ஜோவிதா கையை நீட்டி அந்தத் துணுக்கைப் பிய்த்து வாயில் போடப் போனது, பிடுங்கினார்கள். பிறகு தாத்தாவின் நாடியில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டு 'ங்கா' என்றது.

அமலா பிள்ளையோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயசில் தானும் 'மழுமழு அப்பா' என்று கூப்பிட்டுக் கைதட்டியது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அம்மா. எனக்காகவா?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் செபஸ்தியம்மாள். "வாக்குக் குடுத்திருக்கேன்."

"எத்தனை வருசம்மா?"

"அதான் ஒண்ணும் சொல்லலைங்கிறேன்ல."

மகள் அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். காணிக்கைமேரிக்குச் சன்னல் வழியாகவே விஷயம் போய், அங்கிருந்து பத்து நிமிசத்தில் மூன்று தெருவுக்கும் போனது. டீக்கடை பெஞ்சில் அன்றைக்கு முழுக்க எந்தக் கட்சிக்காரனும் வாயைத் திறக்கவில்லை. சிலுவை மட்டும் சாயங்காலம் வந்து நாடியில் இருந்த வெட்டுக்குப் படிகாரம் தடவிவிட்டு, "என்கிட்டச் சொல்லியிருந்தா வெட்டில்லாம வழிச்சிருப்பேன்ல அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் இருந்தார்கள். பன்னிரண்டு நாளும் படம் மழுமழுவென்றே இருந்தது. பிள்ளை தாத்தாவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது. பதின்மூன்றாம் நாள் மாலை மானாமதுரையில் ரயிலேற்றிவிட்டு வந்து, செபம் சொல்லிப் படுத்த செபஸ்தியம்மாள், படத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

விடியற்காலை கோவில் மணி அடிக்கும்போதே ஃபோனும் அடித்தது.

"அம்மா, முழிச்சிட்டியா? வண்டி லேட்டு. சென்னைல அடுத்த வண்டியப் பிடிக்கணும், கிடைக்குமான்னு தெரியல."

"பிள்ளை எப்படி இருக்கா?"

"நல்லாத் தூங்குறா. அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"அவுகளுக்கென்ன. இப்ப வண்டி எங்க வருது?"

"இப்பத்தாம்மா விழுப்புரம் தாண்டுது."

செபஸ்தியம்மாள் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நடுவீட்டுக்கு வந்தாள். விளக்கைப் போடவில்லை. கையை நீட்டி, படத்தின் மேலுதட்டில் விரலை வைத்தாள்.

சொரசொரவென்று இருந்தது.

"அம்மா? என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன்" என்றாள் அவள், மறு கையால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டே. "வண்டி போகட்டும். நீ நல்லாத் தூங்கு."